எஞ்சினைக் கடைசியில் வாங்குங்கள்: திருகோணமலையில் ரேஸ் கார்ட் கட்டும் வழியும் செலவும்

பழைய பல்சர் பைக் எஞ்சின் ஒன்று எங்கள் வீட்டு வளவில் தறப்பாளுக்குக் கீழே ஒரு மாரி முழுக்கக் கிடந்தது. கார்ட், அதாவது தரையோடு ஓடும் சின்னப் பந்தய வண்டி, கட்டும் ஆசை வந்த கிழமையே நான் வாங்கியது அதைத்தான். சேசி, அதாவது வண்டியின் சட்டம், என்ன அளவு, பின் அச்சு எங்கே கிடைக்கும், எதுவும் அப்போது தெரியாது. மற்றச் சாமான்களைத் தேடி முடிப்பதற்குள் வாடைக்காற்று தன் வேலையைக் காட்டிவிட்டது. காபரேட்டரைத் திறந்தால் உள்ளே உப்புப் பூத்தமாதிரி வெள்ளை. அதனால் இந்த வழிகாட்டியில் எஞ்சின் கடைசியில்தான் வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வாங்கும் வரிசையையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுவதா, வாங்குவதா?

வெளிநாட்டில் போட்டிக்கு ஓடும் 125 சிசி கார்ட் ஒன்று, உதாரணத்துக்கு 30 குதிரைவலுத் தரும் ரோட்டக்ஸ் மக்ஸ் எஞ்சினோடு, புதிதாக ஏறக்குறைய 8,000 முதல் 10,000 டொலர் வரும். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 24 முதல் 30 இலட்சம். கப்பல் கூலியும் வரியும் தனி. இங்கே பைக் எஞ்சின் போட்டு நாமே கட்டினால் 5 முதல் 7 இலட்சத்தில் முடிக்கலாம். ஆனால் அது ரோட்டக்ஸுக்கு ஈடாக ஓடாது. பல்சர் 150 தருவது சுமார் 14 குதிரைவலு. இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

வெல்வது மட்டும்தான் ஆசை என்றால், யாராவது ஓடிவிட்டு விற்கும் பழைய வெளிநாட்டுச் சேசியைக் கொழும்புப் பக்கம் தேடி வாங்குங்கள். அதுதான் புத்தி. கட்டித்தான் பார்க்க வேண்டும் என்ற கை அரிப்பு இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள். முதல் கார்ட்டே அப்படிப் பிறந்ததுதான்: 1956 இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் புல்வெட்டி எஞ்சினை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பூட்டி ஓடினார்.

ஒரு சில்லு ஏன் தூக்க வேண்டும்

ரேஸ் கார்ட்டில் ஸ்பிரிங் இல்லை, ஷொக் அப்சோபர் இல்லை, பின் சில்லுகளை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷலும் இல்லை. பின் சில்லுகள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டியவை, ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் உள்பக்கச் சில்லு குறைந்த தூரமும் வெளிப்பக்கச் சில்லு கூடிய தூரமும் போக வேண்டும். இரண்டும் நிலத்தில் பிடித்தபடி இருந்தால் கார்ட் திரும்பாது, நேரே இழுத்துக்கொண்டு போகும்.

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் உள்பக்கப் பின் சில்லைக் கொஞ்ச நேரம் நிலத்திலிருந்து தூக்கிவிடுவது. முன் சில்லுகள் திரும்பும் அச்சாணியான கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இதைக் காஸ்டர் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் உள்பக்க முன் சில்லு கீழே அழுத்தும், வெளிப்பக்கச் சில்லு மேலே ஏறும். சட்டம் கோணலாக முறுகி, பாரம் உள்பக்க முன் சில்லுக்கும் வெளிப்பக்கப் பின் சில்லுக்கும் போய்விடும். உள்பக்கப் பின் சில்லு லேசாகித் தூக்கும். வளைவு முடிந்து ஸ்டியரிங் நேரானதும் அது திரும்ப இறங்கி இழுக்கத் தொடங்கும்.

ஆகவே இங்கே சட்டமே ஸ்பிரிங். படலைபோல் விறைப்பாகக் கட்டினால் சில்லு தேவைக்கு மேல் தூக்கித் துள்ளும். தொய்வாகக் கட்டினால் தூக்கவே தூக்காது. "பாரத்துக்குத் தாங்கட்டும்" என்று குறுக்கும் நெடுக்கும் குழாய் போட்டு ஒட்டித் தருவார்கள் நம் வெல்டிங் பாஸ்மார். அன்பு மிகுதிதான், ஆனால் கார்ட்டைக் கெடுப்பது அதுதான். வரைபடத்தில் இல்லாத குழாய் ஒன்றையும் போட விடாதீர்கள்.

சட்டம்

முன் பின் சில்லுகளின் நடுவுக்கு நடுத் தூரம் 1,040 மில்லிமீற்றர். பெரியவர்களின் கார்ட்டுகளுக்கு இதுதான் வழக்கமான அளவு. மொத்த அகலம் 1,400 ஐத் தாண்டக்கூடாது. நிலத்துக்கும் சட்டத்துக்கும் இடைவெளி 30 முதல் 40 மில்லிமீற்றர். முதல் சேசியில் சொந்த வடிவம் வேண்டாம். ஓடும் கார்ட் ஒன்றை அளந்து அப்படியே எடுங்கள்.

குழாய்தான் முதல் தலையிடி. தொழிற்சாலைச் சேசிகள் 30 அல்லது 32 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள, குரோமியமும் மொலிப்டினமும் கலந்த குரோமோலி உருக்குக் குழாயில் வருகின்றன. நம் ஹாட்வெயார்க் கடைகளில் அது இருக்காது. அங்கே இருப்பது நாகம் பூசிய ஒரு அங்குல ஜிஐ குழாய். வெளி விட்டம் ஏறக்குறைய 33.7, தடிப்பு 3.2. ஒரு சேசிக்கு 13 மீற்றர் போகும் என்று வையுங்கள். 30க்கு 2 குழாயில் அது 18 கிலோ, ஜிஐ குழாயில் 31 கிலோ. பாரம் ஒரு பக்கம் இருக்கட்டும், முறுகும் தன்மையே வேறு. கறுப்பு உருக்குக் குழாய் 2 மில்லிமீற்றர்த் தடிப்பில் கிடைக்கும்வரை பொறுங்கள். வேண்டுமானால் கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றுவியுங்கள்.

சாதாரண உருக்கும் குரோமோலியும் ஒரே அளவு குழாயாக இருந்தால் ஒரே அளவுதான் வளைந்து கொடுக்கும். வித்தியாசம் அடிபட்ட பிறகுதான் தெரியும். குரோமோலி திரும்பித் தன் இடத்துக்கு வரும். சாதாரண உருக்கு வளைந்தபடியே நின்றுவிடும். பழகுகிற காலத்துக்குச் சாதாரண உருக்குப் போதும், அடிபட்ட ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்தால் சரி. ஜிஐ குழாயில்தான் கட்டுவேன் என்று நிற்பவர்கள், ஒட்டும் இடத்தில் நாகப்பூச்சை அரைத்து எடுத்துவிட்டு ஒட்டுங்கள். அந்தப் புகையை இழுத்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

குழாயை வளைக்க, சைலன்சர் வேலை செய்யும் இடத்தில் ஹைட்ரோலிக் வளைப்பான் இருக்கும். குழாய் நசியாமல் இருக்க உள்ளே மணல் நிரப்புவார்கள். கடற்கரை இரண்டு நிமிட நடை என்று அங்கே அள்ளிவிடாதீர்கள். உப்பு மணல் குழாய்க்குள் ஒட்டினால் உள்ளிருந்தே துரு தின்னும், வெளியே ஒன்றும் தெரியாது. கட்டட வேலைக்கு வரும் மகாவலி ஆற்று மணலைக் காயவைத்து நிரப்புங்கள்.

ஒட்டு வேலைக்கு டிக் வெல்டிங் நல்லது. மிக் பரவாயில்லை. கை பழகிய பாஸ் என்றால் 2.5 மில்லிமீற்றர்க் குச்சியால் சாதாரண வெல்டிங்கிலும் முடிப்பார். முக்கியம் வரிசை. மட்டமான சீமெந்துத் தரையில் சட்டத்தை முழு அளவில் சோக்கால் கீறுங்கள். குழாய்களை அதன்மேல் வைத்து எல்லா மூட்டுக்கும் சின்ன ஒட்டுப் பொட்டு மட்டும் வையுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமன் என்று கண்ட பிறகு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி ஒட்டுங்கள். என் முதல் சட்டத்தை ஒட்டியவர் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் போனார். நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் மூலைக்கு மூலை 8 மில்லிமீற்றர் முறுகியிருந்தது. "எட்டு மில்லி என்ன தம்பி, கேற்றுக்கு அது கணக்கே இல்லை" என்றார். கேற்றுக்குக் கணக்கில்லைதான்.

பின் அச்சு

காசை எங்கே கொட்டுவது என்று கேட்டால் என் பதில்: பின் அச்சு, பிறேக், டயர். இந்த மூன்றிலும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இங்கே எல்லோரும் செய்வது 30 மில்லிமீற்றர்த் திண்மக் கம்பியை லேத்தில் கடைந்து போடுவது. நானும் அதைத்தான் செய்தேன். தொழிற்சாலைக் கார்ட்டில் வருவது 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள உட்குழாய், அதாவது உள்ளே கூடான குழாய். தடிப்பு 2 மில்லிமீற்றர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், திண்மக் கம்பி மீற்றருக்கு ஐந்தரைக் கிலோ, உட்குழாய் இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு. அப்படியிருந்தும் முறுக்குக்கு உட்குழாய் இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பு. கையில் காசு இருந்தால் 50 மில்லிமீற்றர் அச்சையும் அதில் சில்லைப் பூட்டும் ஹப்புகளையும் இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ எடுப்பியுங்கள்.

திண்மக் கம்பிதான் என்றால் பெயாரிங் பிரச்சினை இல்லை. யூசிபி 206 என்ற இலக்கத்தில் வரும் 30 மில்லிமீற்றர் பிலோ புளொக் பெயாரிங்கைக் கேளுங்கள். அரிசி ஆலைகளில் ஓடுவது இந்த இனம்தான், ஆகவே கந்தளாய்ப் பக்கம் ஆலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். இதன் உள்வளையம் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும். சட்டம் முறுகும்போது அச்சு இறுகாமல் இருக்க அது உதவும். பூட்டிய பிறகு அச்சைக் கையால் சுண்டிப் பாருங்கள். பல சுற்றுச் சுற்ற வேண்டும்.

பிறேக், ஸ்டியரிங், சில்லு

பின் அச்சில் ஒரு டிஸ்க், ஒரு கலிப்பர். பழைய பைக்கிலிருந்து எடுத்தால் போதும். ஆனால் பிறேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில், ஹாண்டிலில் வருவதை எடுக்காதீர்கள். பின் டிஸ்க் உள்ள பைக்குகளில் காலால் மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டர் வருகிறது, அதுதான் பெடலுக்குப் பொருந்தும். பெடலுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள கம்பியோடு சேர்த்து ஒரு உருக்குக் கேபிளும் போடுங்கள். கம்பி கழன்றால் கேபிள் பிடிக்கும். போட்டிகளில் இது சட்டமே.

ஸ்டியரிங்கில் கியர்ப்பெட்டி இல்லை, நேரடி. கிங்பின் 12 பாகை பின்சாய்வோடு தொடங்குங்கள். ஸ்டியரிங் கைகள் இரண்டையும் நூல் பிடித்துப் பின்னோக்கி நீட்டினால், நூல்கள் பின் அச்சின் நடுவுக்குக் கிட்டச் சந்திக்க வேண்டும். முன் சில்லுகள் முன்பக்கம் 2 மில்லிமீற்றர் வெளியே விரிந்திருக்கட்டும். ஸ்டியரிங்கிலும் பிறேக்கிலும் தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் மட்டும்தான், நட் நைலோன் பூட்டு உள்ளதாக. படலைக்குப் போடும் போல்ட்டில் அந்த இலக்கம் இருக்காது.

சில்லில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓட்டோவின் 8 அங்குலச் சில்லு எங்கும் கிடைக்கிறது, மலிவு. ஆனால் அதன் டயர் 40 சென்ரிமீற்றருக்கு மேல் உயரம், கார்ட்டின் பின் டயரோ 28 சென்ரிமீற்றர்தான். உயரம் கூடினால் கார்ட் வளைவில் சறுக்குவதற்குப் பதில் கவிழப் பார்க்கும். கார்ட்டுக்குரிய 5 அங்குல றிம்மையும், முன்னுக்கு 10க்கு 4.50, பின்னுக்கு 11க்கு 7.10 அங்குல அளவு, வரியில்லாத ஸ்லிக் டயர்களையுமே எடுப்பியுங்கள். காற்று 10 முதல் 14 பிஎஸ்ஐ போதும். பெற்றோல் செட்டில் பழக்கதோசத்தில் 30 அடித்துவிடுவார்கள், கவனம்.

சீற்

இந்த ஒரு விடயத்தில் திருகோணமலைக்காரருக்கு அதிர்ஷ்டம். கார்ட் சீற் பைபர் கிளாஸில் ஆனது, பைபர் போட் திருத்துகிறவர்கள் நம் கரையோரம் இருக்கிறார்கள். கடன் வாங்கிய சீற்றில் அச்செடுத்து 450 கிராம் மாட்டில், அதாவது கண்ணாடி நார்ப் பாயில், நான்கு அடுக்குப் போடச் சொல்லுங்கள். நான்கு என்றால் நான்கு. கடல் அலைக்குக் கட்டிப் பழகிய கை, கண்ணை எடுத்தால் ஏழெட்டு அடுக்குப் போட்டுவிடும். சீற்றும் சட்டத்தோடு சேர்ந்து வளைய வேண்டும்.

சீற்றை எங்கே பூட்டுவது என்பதை முடிவு செய்ய நான்கு குளியலறைத் தராசுகள் வேண்டும். வீடு வீடாகக் கேட்டு வாங்கலாம். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்து, நான்கு சில்லும் நான்கு தராசில் நிற்கும்போது, முன்னுக்கு 43 வீதமும் பின்னுக்கு 57 வீதமும் வரவேண்டும். ஆளும் கார்ட்டும் சேர்த்து 160 கிலோ என்றால் முன்னுக்கு 69, பின்னுக்கு 91. இடமும் வலமும் சமன். எஞ்சின் வலப்பக்கம் இருப்பதால் சீற் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வரும். எஞ்சின் வரும்வரை அதன் பாரத்துக்கு மணல் மூட்டை கட்டி அளக்கலாம்.

இப்போது எஞ்சின்

2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல் திரும்பத் தொடங்கும்வரை பழைய பைக்குகளின் விலை எகிறியதை எல்லோரும் அறிவோம். கழற்றிய எஞ்சினும் அந்தக் காற்றில் ஏறியதுதான். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் தெரிவு கூட, ஆனால் ஆள் தெரியாமல் போனால் ஏமாறவும் கூட. எங்கே வாங்கினாலும் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் இலக்கத்தை எழுதிய பற்றுச்சீட்டும், விற்பவரின் அடையாள அட்டைப் பிரதியும் கட்டாயம் கேளுங்கள். களவு எஞ்சின் என்று பிறகு பொலிஸில் நிற்க வேண்டி வரக்கூடாது.

பல்சர் போன்ற பைக்குகளில் செயின் இடப்பக்கம். ஆகவே எஞ்சினைச் சீற்றுக்கு வலப்பக்கம் வைத்தால் செயின் உள்பக்கமாக ஓடும், டிஸ்க் மறுபக்கம் போகும். பைக்கில் இருந்த அதே சாய்வில் பூட்டுங்கள், காபரேட்டர் மிதவை நிமிர்ந்து இருக்க வேண்டும்.

செயின் ஓடும் பற்சில்லுகளின் கணக்கைத்தான் பலர் போடுவதில்லை. பைக்கில் வந்த பின் பற்சில்லை அப்படியே பூட்டினால் கார்ட் கத்தும், ஓடாது. கணக்கு இப்படி: எஞ்சினை மேல் கியரில் போட்டு, முன் பற்சில்லு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். 3.3 என்று வந்ததாக வைப்போம். 11 அங்குலப் பின் டயர் ஒரு சுற்றில் 88 சென்ரிமீற்றர் போகும். முன்னுக்கு 15 பல், பின்னுக்கு 43 பல் என்றால், எஞ்சின் 8,500 சுற்றில் கத்தும்போது வேகம் மணிக்கு 47 கிலோமீற்றர்தான். பின்னுக்கு 25 பல் போட்டால் 81. குறுகிய, வளைவு கூடிய தடத்துக்கு 29, 30 பல் பொருந்தும். ஆகவே இரண்டு மூன்று அளவில் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். முன் பின் பற்சில்லுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நேர்க்கம்பி வைத்துப் பாருங்கள். செயினை நடுவில் விரலால் அழுத்தினால் 15 மில்லிமீற்றர் ஆடட்டும்.

பெற்றோல் தாங்கி கார்ட்டில் கால்களுக்கு நடுவே, தரையோடு இருக்கும். பைக் காபரேட்டர் மேலிருந்து தானாக வடிவதற்குப் பழகியது. ஆகவே எஞ்சினின் உறிஞ்சலில் இயங்கும் சின்னப் பம்ப் ஒன்று வேண்டும். நாராயணனுக்குத்தான் வெளிச்சம் என்று நான் இரண்டு நாள் எஞ்சினை உதைத்துக்கொண்டிருந்தது இந்தப் பம்ப் இல்லாமல்தான். குழாய்க்கும் கையால் அழுத்தும் றப்பர்க் குமிழுக்கும் போட் எஞ்சின் சாமான் கடைக்குப் போங்கள், பெற்றோலுக்கும் உப்புக்கும் தாங்கும்.

கொப்பியில் எழுதிய கணக்கு

இவை நான் எனக்காகப் போட்ட கிட்டத்தட்டத் தொகைகள். உங்கள் பேரம் வேறாக இருக்கும். குழாய் 25,000 முதல் 35,000. வளைப்பும் ஒட்டும் 40,000 முதல் 60,000. இங்கே கடைந்த அச்சு, ஹப், பெயாரிங் 70,000 முதல் 90,000. இறக்குமதி அச்சு என்றால் இதன் இரண்டு மடங்கு வையுங்கள். பிறேக் 20,000 முதல் 30,000. ஸ்டியரிங் சாமான் 30,000 முதல் 40,000. றிம்மும் டயரும் 1,20,000 முதல் 1,50,000. சீற் 12,000 முதல் 15,000. எஞ்சின் 90,000 முதல் 1,30,000. செயின், கேபிள், பம்ப், சில்லறை 25,000 முதல் 30,000. ஹெல்மெட், கையுறை, சப்பாத்து 40,000 முதல் 60,000. கூட்டினால் 4,72,000 முதல் 6,40,000. கொப்பியில் எழுதாமல் விட்டது, பிழையாகச் செய்து திரும்பச் செய்த வேலை. அதற்கு இன்னொரு 50,000 ஒதுக்குங்கள்.

அதன்பிறகு ஓடுகிற செலவில் பெரியது டயர்தான். பெற்றோல் அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

முதல் ஓட்டம்

நிலாவெளி வீதி இரவில் வெறிச்சோடிக் கிடக்கும், ஆசை வரும். வேண்டாம். பதிவில்லாத வாகனம் பொது வீதியில் ஏறுவது குற்றம், லொறிக்காரர் கண்ணுக்குத் தரையோடு ஓடும் கார்ட் தெரியவும் தெரியாது. நான் முதலில் ஓடியது தெரிந்தவர் ஒருவரின் அரிசி ஆலையில், நெல் காயவைக்கும் சீமெந்துத் தளத்தில். அறுவடை இல்லாத மாதம் பார்த்து அனுமதி கேட்டோம். உமியைக் கூட்டாமல் ஓடியதால் முதல் வளைவிலேயே முழுச் சுற்று ஒன்று போட்டேன். கூட்டிவிட்டு ஓடுங்கள்.

கார்ட்டில் சீற் பெல்ட் கிடையாது. கவிழ்ந்தால் ஆள் வெளியே விழுவதுதான் அடியில் மாட்டுவதைவிட நல்லது என்பது அதன் கணக்கு. அதனால் முழுமுக ஹெல்மெட், கையுறை, கணுக்கால் மூடிய சப்பாத்து. சாரத்தோடு ஒரு சுற்று என்று ஏறுகிற மாமாமாரை இறக்கிவிடுங்கள், செயின் துணியைப் பிடித்தால் விடாது. செயினுக்கு மூடி, ஸ்டியரிங்கில் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச், பக்கத்தில் தீயணைப்பு உருளை ஒன்று. முதல் பத்துச் சுற்று இரண்டாம் கியரில் மட்டும். பிறகு நிறுத்தி எல்லா நட்டையும் தொட்டுப் பாருங்கள், இரண்டு மூன்றாவது தளர்ந்திருக்கும்.

போட்டிக்கு என்றால் மேற்குப் பக்கம்தான் போக வேண்டும். பண்டாரகமவில் கார்ட்டிங் தடம் இருக்கிறது, களுத்துறைக்குக் கிட்டக் கட்டுக்குருந்தவில் மோட்டார்ப் பந்தயங்கள் நடக்கின்றன. எந்தப் பிரிவில் உங்கள் எஞ்சினை ஏற்பார்கள் என்று கட்டுவதற்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். ஏற்றிப் போக லொறி வாடகையும் சேரும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, செயினுக்கும் அச்சுக்கும் எண்ணெய் விசிறுங்கள். டிஸ்க்கில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. டிஸ்க் அடுத்த நாள் காலை செம்மஞ்சளாகத் துருப்பிடித்து நிற்கும். பயப்பட வேண்டாம், இரண்டு முறை பிறேக் பிடித்தால் போய்விடும்.